பன்னிரண்டாவது நாற்காலி

அன்றைக்கு மேடையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நானும் இருந்தேன் என்று பிறகு பத்துப் பேர் வருவார்கள்.

முதலமைச்சராகப் போகிறவர் ஒருவர். அமைச்சர்களாகப் போகிறவர்கள் பதினோரு பேர். தலைமைச் செயலாளர், கையில் சிவப்பு ஃபைலோடு. ஆளுநரின் சீருடை உதவியாளர்களான இரண்டு ஏ.டி.சி.களில் சின்னவர், இடுப்பில் வாளோடு. ஆளுநர் மாளிகையின் வீட்டு நிர்வாகத்தைப் பார்க்கும் கம்ப்ட்ரோலர், கையில் கைக்குட்டையோடு. மைக் செட்காரர் ஒருவர். மேடைக்குப் பக்கத்தில் போலீஸ் பேண்டு, பதினான்கு பேர். தலாயத்துகள் நாலு பேர், அதில் நான் ஒருவன். மேடையில் இல்லாவிட்டாலும் கணக்கில் சேர்க்கவேண்டியவர், பின்கட்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சு அறையில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா அக்கா.

கணக்கு இதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அமைச்சர்களாகப் போகிறவர்களின் வரிசையில் கடைசியாக, பெயர்ச்சீட்டு ஒட்டாத பன்னிரண்டாவது நாற்காலியில், சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆளுநர் வர ஒன்பது நிமிஷம் இருந்தது. டி.வி. கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நாற்காலியைப் போட்டவன் நான்.

ஏஜென்சி மூலமாகப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். புத்தியில் பிழை இருந்தால் அது உங்களுக்கே தெரியும்.

தலாயத் என்று நம்மைச் சொல்கிறார்கள். மைசூர்த் தலைப்பாகை, குறுக்கே சிவப்புப் பட்டை, நெஞ்சில் பித்தளை வில்லை. பார்க்கிறவர்கள் ராஜா காலத்துப் படைவீரன் என்று நினைத்துக்கொண்டு நம்மோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நமக்கு வேலை தண்ணீர் கொடுப்பது, கதவு திறப்பது, நாற்காலி போடுவது. அதில் மூன்றாவதுதான் உயிரை எடுக்கும்.

இந்த வீட்டின் வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளிகள் கேட்பார்கள். வெள்ளைக்காரக் கமிஷனர் ஒருவர் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு இது. அவர் ஒரு வரி எழுதினால் மைசூர் முழுக்க நடுங்குமாம். அவருக்குப் பின் வெள்ளைக்கார அரசின் பிரதிநிதிகளான ரெசிடென்ட்டுகள் வந்தார்கள். சுதந்திரம் வந்தது. மகாராஜாவையே ராஜபிரமுகர் ஆக்கினார்கள், பிறகு ஆளுநர் என்றார்கள். அதற்கப்புறம் டெல்லி அனுப்புகிறவர்கள் வந்து தங்குகிறார்கள். அதிகாரம் நிறைய இருந்த காலத்தில் வீட்டில் ஆள் கொஞ்சம். இப்போது கையெழுத்துப் போடுகிற அதிகாரம்தான் பாக்கி, அதற்கு ஏ.டி.சி. இரண்டு பேர், சமையலறையில் எட்டுப் பேர், தோட்டத்தில் முப்பது பேர்.

நான் பார்த்த ஆளுநர்களில் ஒருவர் சட்டசபையில் உரை படிப்பதற்கு முந்தின நாள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். உரையில் வரிக்கு வரி 'என் அரசு' என்று வரும். என் அரசு ரோடு போட்டது, என் அரசு பள்ளி திறந்தது. அந்த அரசோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது, அவர்களுடைய மசோதா மூன்று அவர் மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. படித்துக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து, இதில் நான் எழுதியது எது என்று செயலாளரிடம் கேட்டார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து சார் என்றார் செயலாளர். நான் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது, பயத்தில் விழுங்கிவிட்டேன். விழுங்கியது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் ஆளுநர் முதலில் பார்த்தது என் முகத்தைத்தான்.

அவரை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகவும் இருக்கும். நான் அப்போது தினக்கூலி. பதினெட்டு வருஷமாகத் தினக்கூலி. வேண்டாம் என்றால் நாளைக்கு வராதே என்பார்கள். அவருக்கும் அதே கதைதான். குடியரசுத் தலைவர் பிரியப்படும் வரைக்கும் அவர் இருக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். ஒரு ஆளுநர் மத்தியானம் சாம்பாரில் கை வைத்த நேரத்தில் டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. மாலைக்குள் பெட்டி கட்டினோம். அவருக்கு ஓய்வூதியம் உண்டா என்று நான் விசாரித்தேன். எனக்கு உண்டா என்று விசாரிக்கிறவன், எல்லாரையும் பற்றி விசாரிப்பான்.

இனி நாற்காலிக்கு வருகிறேன்.

எனக்குப் பயம் கூடப்பிறந்தது. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு ரயில்வே கேட் வரைக்கும் போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். பூட்டியிருக்கும். பூட்டு நல்ல பூட்டா என்று அப்புறம் கவலைப்படுவேன். இப்படிப்பட்டவன் கையில் நாற்காலியைக் கொடுத்தார்கள். அதற்கு முந்திய பதவியேற்பில், உடம்பு கனத்த ஒரு அமைச்சர் உட்கார்ந்ததும் நாற்காலியின் பின்கால் முறிந்தது. அவர் விழவில்லை, பக்கத்திலிருந்தவர் மடியில் சாய்ந்தார். இரண்டு பேரும் ஒரே கட்சியில் எதிரெதிர் கோஷ்டி. மறுநாள் பேப்பரில் இருவரும் சமரசம் என்று போட்டோ வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து ஒரு நாற்காலி கூடுதலாகக் கைவசம் வைப்பேன். யாரும் சொல்லித்தரவில்லை. பயம் சொல்லித்தந்தது.

நான் முதலில் சொன்ன பதவியேற்பு நாளில் பட்டியல் காலையிலிருந்து மூன்று தடவை மாறியது. ஏழு மணிக்குப் பத்துப் பேர். எட்டு மணிக்குப் பன்னிரண்டு. ஒன்பதுக்கு மறுபடி பத்து. பத்தரைக்குப் பதினொன்று என்று தலைமைச் செயலாளர் ஆபீசிலிருந்து முடிவாகச் சொன்னார்கள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பதவியேற்கிறவர்கள் மேடையின் இடப்பக்கம் வரிசையாக உட்காருவார்கள், நாற்காலி முதுகில் பெயர்ச்சீட்டு ஒட்டுவது நாம். பட்டியல் மாறினால் சீட்டைக் கிழிக்கவேண்டும், நாற்காலியையும் தூக்கவேண்டும். நான் பன்னிரண்டாவது சீட்டைக் கிழித்தேன். நாற்காலியைத் தூக்கவில்லை. சேர்த்தாலும் சேர்ப்பார்கள், அப்போது தேக்கு மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கேமரா முன்னால் ஓட முடியுமா என்று யோசித்தேன்.

என் பயம் ஒன்றை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. காலியாக ஒரு நாற்காலி இருந்தால் இந்த ஊரில் அதற்கு ஆள் இருக்கும்.

பன்னிரண்டாமவர் எல்லைப் பக்கத்துத் தொகுதி எம்.எல்.ஏ. பெயர் வேண்டாம். தமிழ் நன்றாக வரும் அவருக்கு, மேடையில் மட்டும் வராது. எட்டு மணிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது, டி.வி.யிலும் ஓடியது. ஒன்பது மணிக்கு எடுத்துவிட்டார்கள். எடுத்ததை அவரிடம் சொல்லவேண்டிய வேலையை ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு விட்டுவிட்டார்கள்.

நான் குனிந்து, இது ரிசர்வ் நாற்காலி சார், கீழே முதல் வரிசையில் இடம் போட்டிருக்கிறது என்று கன்னடத்தில் சொன்னேன். அவர் என் வில்லையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். என் கன்னடத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நம்ம ஆளா நீ? எங்க, ஸ்ரீராம்புரமா?"

"ஆமா சார்."

"பேரு?"

"முனியப்பன் சார்."

"பாரு முனியப்பா. லிஸ்ட்டு மணிக்கு ஒண்ணு வருது. அடுத்ததுல என் பேரு வரும். அதோ நாலாவது வரிசைல என் பொண்டாட்டி, பக்கத்துல மாமியார். பின்னால மூணு பஸ் ஜனம் வந்து உக்காந்துகினு இருக்காங்க. இப்ப எந்திரிச்சு கீழ போனா, நான் கீழ மட்டுமா போவேன்?"

திரும்பிப் பார்த்தேன். மாமியார் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். மருமகன் மந்திரியாகிறார், பக்கத்தில் தலைப்பாகைக்காரன் குனிந்து மரியாதை செய்கிறான் என்று அவர் நினைத்திருப்பார்.

முதலமைச்சராகப் போகிறவர் மூன்று கஜ தூரத்தில் இருந்தார். பெயரை எடுத்தவர் அவர்தான். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு பேரும் தங்கள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் முன்பு வரைக்கும் அவர்கள் யார் பெயரும் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற நிலை, அதனால் எவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சின்ன ஏ.டி.சி. என் பக்கம் சாய்ந்து, சத்தம் வரக்கூடாது, கேமராவில் படக்கூடாது, ஆறு நிமிஷம் என்று இந்தியில் சொன்னார். ராணுவத்தில் குண்டு எடுக்கச் சொல்கிற குரல். கம்ப்ட்ரோலர் வந்தார். கைக்குட்டை நனைந்திருந்தது.

"யார் போட்ட சேர் இது?"

"நான்தான் சார்."

"உன் ஃபைல் என் டேபிள்ல இருக்குது, முனியப்பா. இன்னும் சைன் பண்ணல."

அந்த ஃபைல்தான் என்னைப் பர்மனென்ட் ஆக்கும் ஃபைல். பதினெட்டு வருஷம் நடந்து அந்த வாரம்தான் அவர் மேசைக்கு வந்திருந்தது. என் மனைவி அதற்குள் ரேஷன் கடை வரிசையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். ஆளுநர் உள்ளே வரும்போது பட்டியலில் இல்லாத ஒருவர் அமைச்சர் வரிசையில் இருந்தால், ஊரே பார்க்கும். நாற்காலி போட்டவனைத் தேடுவார்கள். தேட வேண்டியதே இல்லை, அங்கேயே நிற்கிறேன்.

இந்த மாதிரி நேரத்தில் தலைக்குள் என்ன ஓடும் என்று கேட்பீர்கள். எனக்கு முதலில் ஓடியது, சாயங்காலம் வீட்டுக்கு எந்த வழியாகப் போனால் ரேஷன் கடையைத் தாண்டாமல் போகலாம் என்பது. அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. ஆளுநர் வந்ததும் எல்லாரும் எழுவார்கள். எழுந்ததும் நாற்காலியை இழுத்துவிடலாம். ஆனால் உடனே தேசிய கீதம் தொடங்கிவிடும், அப்போது ஈ எறும்புகூட அசையக்கூடாது. எழுவதற்கும் கீதத்துக்கும் நடுவில் நாலைந்து வினாடிதான். அதில் இழுத்துவிட முடியும், என் கைக்கு அந்த வேகம் உண்டு. கீதம் முடிந்ததும் அவர் உட்காருவார். நாற்காலி இருக்காது. மாமியார் பார்த்துக்கொண்டிருக்க, மேடையில் மல்லாந்து விழுவார். என் ஃபைலைக் காப்பாற்ற ஒரு மனுஷனின் இடுப்பை உடைக்கலாமா? ஒரு வினாடி உடைக்கலாம் என்றுதான் தோன்றியது. மறைக்காமல் சொல்கிறேன்.

பதினெட்டு வருஷம் இவர்களுக்குக் கதவு திறந்தவன் நான். உட்கார்ந்த நாற்காலியிலிருந்து இவர்களைத் தானாக எழுப்பக்கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். பின்கட்டுக்கு ஓடினேன்.

ஸ்டெல்லா அக்கா எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தட்டில் கேக் துண்டோடு, சின்ன டி.வி.யில் நம் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டோன்மென்ட் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நாலு மொழியில் 'ஐயா இல்லை' என்று சொல்லத் தெரிந்தவர்.

"அக்கா, டெல்லிலர்ந்து ஒரு போன் வரணும்."

"யாருக்கு?"

"அந்தக் கடைசி நாற்காலிக்கு."

டி.வி.யைப் பார்த்தார். புரிந்துவிட்டது. "டெல்லில யாரு பேசறாங்க?"

"யாரும் பேச வேணாம். ஹோல்டுல போடுங்க, போதும்."

கேக்கைக் கீழே வைத்தார். "பொய் சொல்ல மாட்டேன் முனி. முந்தாநாள்தான் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தேன். லைன்ல இருங்கன்னு இந்தில சொல்றேன். அது பொய்யில்ல, லைன்லதான இருக்கப்போறாரு."

நம் மாளிகை போனில் ஹோல்டுக்குப் போட்டால் வரும் சங்கீதம் நீங்கள் கேட்டிருப்பீர்கள். பொம்மைப் பெட்டி திறந்தால் வருமே, அந்த மாதிரி டிங் டிங் என்று. மூன்றாவது சுற்றில் ஒரு சுரம் இடறும். மாற்றச் சொல்லி அக்கா இரண்டு தடவை எழுதிக்கொடுத்தார். ஃபைல் எங்கோ போனது.

திரும்ப ஓடி வந்தபோது நாலு நிமிஷம் இருந்தது. மேடையில் ஓடக்கூடாது. மெதுவாக நடந்து, குனிந்து, அவர் காதில் சொன்னேன்.

"சார், டெல்லிலர்ந்து போன்."

கால்மேல் இருந்த கால் இறங்கியது. "யாரு?"

"பேரு சொல்லல சார். உங்களைக் கேட்டாங்க."

செல்போனை எல்லாரும் வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும், அதனால் மாளிகை எண்ணுக்கு அழைத்திருக்கிறார்கள் என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். நான் சொல்லவேண்டி வரவில்லை. எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டார். பக்கத்து நாற்காலிக்காரர் காதில் 'டெல்லி' என்ற சொல் விழுந்திருந்தது. அது நாற்காலி நாற்காலியாகப் போய் முதலமைச்சராகப் போகிறவரிடம் சேர்ந்தது. அவர் மின்விசிறியை விட்டுக் கீழே இறங்கினார். பன்னிரண்டாமவர் அவரைப் பார்த்து, வந்துவிடுகிறேன் என்பதுபோல ஒரு விரலைக் காட்டிவிட்டு நடந்தார்.

நான் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். எதற்கு என்றார். பேசும்போது உட்கார வேணும்ல சார் என்றேன். அவருக்கு ரொம்பத் திருப்தி. டி.வி.யில் பார்த்தவர்களுக்கு ஒரு பெரிய மனுஷன் முன்னால் போக, அவருக்கான ஆசனம் பின்னால் போனது. அந்த ஒரு யோசனைக்காக நான் இன்றைக்கும் என்னைக் கொஞ்சம் மெச்சிக்கொள்வேன். மற்றபடி அன்றைக்குச் செய்ததெல்லாம் பயத்தில் செய்தது.

மேடைக்குப் பின்னால் பீங்கான் தட்டுகள் அடுக்கும் அறை. சுவரில் ஒரு போன். ரிசீவரை எடுத்துக் கொடுத்தேன். அக்கா குரல் வெளியே வரைக்கும் கேட்டது, "லைன் பர் ரஹியே ஜி." பிறகு டிங் டிங். அவர் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். போனில் முகம் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். உட்காருங்க சார் என்றேன். டெல்லி பேசும்போது உட்காரலாமா என்றார். நாற்காலி சும்மா நின்றது.

வெளியே பேண்டு தேசிய கீதம் வாசித்தது. அவர் ரிசீவரைக் காதில் வைத்தபடியே விறைப்பாக நின்றார். நானும் நின்றேன். தட்டு அடுக்குகளுக்கு நடுவில் இரண்டு பேர், ஒரு காதில் தேசம், ஒரு காதில் டிங் டிங்.

பிறகு சத்தியப்பிரமாணம். உங்களுக்குத் தெரியும், ஆளுநர் 'நான்' என்று மட்டும் தொடங்கி வைப்பார், பெயரை அவரவர்தான் சொல்லவேண்டும். சுவருக்கு இந்தப் பக்கம் ஒவ்வொன்றும் கேட்டது. நான், ஒரு பெயர், கைதட்டல். நான், ஒரு பெயர், கைதட்டல். முதலமைச்சர் முடிந்ததும் பன்னிரண்டாமவர் இடதுகை விரலை மடக்க ஆரம்பித்தார். ஐந்து ஆயிற்று. மறுபடி சுண்டுவிரலிலிருந்து. பத்து. பதினொன்று. அப்புறம் நீளமான கைதட்டல். தலைமைச் செயலாளர் நிகழ்ச்சியை முடிக்க அனுமதி கேட்கும் குரல் வந்தது.

"பதினொண்ணுதானா?" என்றார்.

"ஆமா சார்."

விரலை விரித்தார். ரிசீவரை மட்டும் காதிலிருந்து எடுக்கவில்லை. முடிவு கீதமும் முடிந்து கூட்டம் கலைகிற சத்தம் கேட்கும் வரைக்கும் அப்படியே நின்றார். டிங் டிங் ஓடிக்கொண்டேயிருந்தது. அக்கா கடைசியில் இணைப்பைத் துண்டித்தார். பன்னிரண்டாமவர் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல ரிசீவரை வைத்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வாசலில் அவருக்காக இருந்த மூன்று பஸ்ஸும் பக்கத்துத் தொகுதிக்காரர் மந்திரியாகிவிட்டதால் அவர் பின்னால் போய்விட்டன. காரை மனைவி கோபத்தில் எடுத்துக்கொண்டு, அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பி.ஏ.வைக் காணோம். பர்ஸும் வாசலில் கொடுத்திருந்த செல்போனும் பி.ஏ.விடம். டி.வி. மைக்குகள் மட்டும் போகவில்லை. ஏன் மேடையிலிருந்து எழுந்து போனீர்கள் என்று கேட்டார்கள். அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, டெல்லி மேலிடம் தன்னோடு நாற்பது நிமிஷம் பேசியது, பொறுமையாக இருக்கச் சொல்லியிருக்கிறது, மற்றதை இப்போது சொல்ல முடியாது என்று கன்னடத்தில் அறிவித்தார். முகத்தில் ஒரு மடிப்புகூட இல்லை. நான் செய்தது ஒரு சின்னப் பொய். அதை வாங்கிக் கோட்டு போட்டுவிட்டவர் அவர்.

மைக்குகள் போன பிறகு பக்கவாட்டுக் கேட்டுக்கு வந்தார்.

"முனியப்பா, இருநூறு ரூபா இருக்குதா? ஈஜிபுரால தங்கச்சி வீடு. ஆட்டோக்குத்தான். நாளைக்கே ஆள்கிட்ட குடுத்தனுப்பறேன்."

கொடுத்தேன். வீட்டுக்கு மளிகை வாங்க வைத்திருந்த பணம். அன்றைக்கு அவர் என்ன கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த வீட்டைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. டெல்லியில் யார் பேசினார்கள் என்று முதலமைச்சர் ரகசியமாக விசாரித்தார். டெல்லியில் ஒருவர், நான் பேசவில்லை, ஒருவேளை அவர் பேசியிருப்பார் என்று இன்னொருவரைக் காட்டினார். அந்த இன்னொருவர், தனக்குத் தெரியாமல் ஒன்று நடந்தது என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு, சும்மா சிரித்தாராம். சிரித்தால் முடிந்தது. மூன்று மாதத்தில் பன்னிரண்டாமவர் ஒரு வாரியத்துக்குச் சேர்மன் ஆனார். சைரன் வைத்த கார் வந்தது.

எனக்கும் பங்கு கிடைத்தது. கம்ப்ட்ரோலர் மறுநாள் கூப்பிட்டார். ராத்திரி முழுக்கத் தூங்காமல் போய் நின்றேன். உட்காரச் சொன்னார், பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக. டெல்லிக்காரர்கள் உன்னிடம் நேரடியாகவா பேசினார்கள் என்றார். நான் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அந்த வாரமே ஃபைலில் கையெழுத்து விழுந்தது. நியாயமாகப் பார்த்தால் பதினெட்டு வருஷம் கதவு திறந்ததற்காக விழுந்திருக்க வேண்டிய கையெழுத்து. டிங் டிங்குக்காக விழுந்தது. நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள்.

அதிலிருந்து இரண்டு வருஷம் எனக்கு ஒரே கவலை. அவருக்கு என்றைக்காவது தெரிந்துவிட்டால்? பர்மனென்ட் ஆனவனையும் தூக்க வழி இருக்கிறதா என்று யூனியன்காரர்களிடம் விசாரித்தேன். இருக்கிறது என்றார்கள். அவர்களும் பொய் சொல்லியிருக்கலாம்.

பிறகு மந்திரிசபையை மாற்றினார்கள். பட்டியலில் நாலு பேர், அதில் இவர் பெயர். பெயர்ச்சீட்டை நானே ஒட்டி, மூன்று தடவை அழுத்தினேன். நாலு பேருக்கு நாலு நாற்காலி. கூடுதலாக ஒரு முக்காலிகூட வைக்கவில்லை. கால் முறிந்தால் முறியட்டும் என்று விட்டேன்.

எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டார். உட்கார்ந்ததும் என்னைக் கண்டுபிடித்து விரலால் கூப்பிட்டார். போய்க் குனிந்தேன்.

"சேர்மன் ஆனப்புறம் ஒருநாள் இந்த மாளிகைக்குப் போன் பண்ணேன், முனியப்பா. ஆளுநரைப் பாக்க அப்பாயின்ட்மென்ட் கேட்டு. ஹோல்டுல போட்டாங்க."

நிறுத்திவிட்டு, நாற்காலிக் கையில் விரலால் தாளம் போட்டார். டிங் டிங். மூன்றாவது சுற்றில் இடறும் இடத்தில் விரலும் சரியாக இடறியது.

அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், மேடையில் விழுந்து தொலைக்கப்போகிறான் என்று.

"பயப்படாத. நாற்பது நிமிஷம் கேட்டவனுக்கு மறக்குமா? டெல்லில எவனும் எனக்குப் போன் பண்ணல. அன்னைக்கும் பண்ணல, இன்னைக்கும் பண்ணல. ஆனா பண்ணலன்னு ஒருத்தனும் சொல்லல பாரு." சிரித்தார். "போயி தண்ணி கொண்டா."

கொண்டு போனேன். பேண்டு வாசித்தது. ஆளுநர் 'நான்' என்றார். இவர் தன் பெயரைச் சொன்னார், சுவருக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கும்படி. நாலாவது வரிசையில் மாமியார் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். இந்தத் தடவை நானும் கும்பிட்டேன்.

அன்றைக்கே பணத்தைப் பற்றி வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் மூன்று வருஷம் அமைச்சராக எத்தனையோ தடவை வந்தார். ஒவ்வொரு தடவையும் என் தோளில் கை வைப்பார், தன் பையில் வைக்க மாட்டார். கேட்டால் போன் கதை வெளியே வருமோ என்று நான் பயந்தேன். கேட்காததால் நான் மறந்துவிட்டேன் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் மறக்கிறவனா?

போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டேன். ஸ்டெல்லா அக்காவும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், அவருடைய டிங் டிங் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பன்னிரண்டாமவர் பெயர் மறுபடியும் ஏதோ பட்டியலில் அடிபடுவதாகப் பேப்பரில் பார்த்தேன். வந்தால் நாற்காலி போடப்போகிறவர்கள் நீங்கள். பட்டியலை எண்ணுங்கள், நாற்காலியை எண்ணுங்கள், பெயரைக் கிழித்தால் நாற்காலியையும் தூக்குங்கள். அவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, நல்ல மனநிலையில் இருந்தால், ஸ்ரீராம்புரத்து முனியப்பன் விசாரித்தார் என்று மட்டும் சொல்லுங்கள். எதற்கு என்று கேட்டால் ஆட்டோவுக்கு என்று சொல்லுங்கள்.

இருநூறு ரூபாய்.